ஆண்டு மாறும் இரவுகளில் பதிவான மூன்று இசைத்தட்டுகள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவு நண்பர்கள் ஐந்து பேர் யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். அந்த ஆண்டு தன் மனத்தை விட்டு அகலாத ராக் இசைத்தட்டையோ, அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசைத்தட்டையோ ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும்; அதில் ஒரு பக்கத்தையாவது இடையில் பேசாமல் எல்லோரும் முழுமையாகக் கேட்க வேண்டும். இவை இரண்டைத் தவிர எங்களுக்கு வேறு விதி கிடையாது. இந்த முறை என் பங்கிற்கு ஒன்றுக்குப் பதிலாக மூன்று தட்டுகளை எடுத்துச் சென்றேன். மூன்றும் ரசிகர்களின் முன்னிலையில் மேடையில் பதிவானவை. மூன்றும் டிசம்பரின் கடைசி நாள்களிலோ புத்தாண்டு பிறந்த ஜனவரியிலோ பதிவானவை. தேதிப் பொருத்தத்திற்காக மட்டும் நான் இவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. இம்மூன்றிலும் கலைஞர்கள் ஏதோ ஒரு நெருக்கடியைச் சுமந்துகொண்டுதான் மேடையேறினார்கள், அந்த நெருக்கடியில் அவர்கள் பற்றிக்கொண்ட கொழுகொம்பு ப்ளூஸ் என்பது என் கருத்து. அன்றிரவு நண்பர்களிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுழன்றது அமெரிக்கக் கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘பேண்ட் ஆஃப் ஜிப்சீஸ்’. இந்தத் தட்டு பிறந்ததற்குக் காரணம் ஒரு கடன். 1965ஆம் ஆண்டில், பிறர் குழுக்களில் பின்னணிக் கித்தார் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு டாலர் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு ஒரு தயாரிப்பாளருடன் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஹென்ட்ரிக்ஸ் கையெழுத்திட்டிருந்தார். லண்டனுக்குப் போய் உலகப் புகழ் பெற்ற பிறகு அந்தத் தாள் வழக்காக அவரிடமே திரும்பி வந்தது. ஒரு முழு இசைத்தட்டைப் பதிவுசெய்து கேபிடல் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக வெளியிடத் தர வேண்டும் என்பது வழக்கின் சமரசத்தில் ஒரு பகுதி. கடனை அடைப்பதற்காகச் செய்யும் வேலையில் யாரும் உயிரைக் கொடுக்க மாட்டார்கள் என்று நாம் நினைப்போம். இங்கே நடந்தது வேறு.

நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூவில் இருந்த ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 1969 டிசம்பர் 31 அன்று இரண்டு, 1970 ஜனவரி 1 அன்று இரண்டு என நான்கு நிகழ்ச்சிகளை ஹென்ட்ரிக்ஸ் நடத்தினார். அவரைப் புகழேணியில் ஏற்றிய பழைய மூவர் குழு அதற்கு முன்பே கலைந்துவிட்டது. புதிய குழுவில் பேஸ் கித்தார் வாசித்த பில்லி காக்ஸ், 1961இல் ராணுவத்தின் வான்குடைப் படைப்பிரிவில் ஹென்ட்ரிக்ஸுடன் ஒரே முகாமில் இருந்தவர். டிரம்ஸ் வாசித்த பட்டி மைல்ஸ், சோல் இசையில் ஊறியவர். மூவரும் கறுப்பினத்தவர்கள். பழைய குழுவின் டிரம்ஸில் ஜாஸ் சாயலோடு சிதறித் தெறிக்கும் தாளம் இருந்தது. இங்கே பட்டி மைல்ஸ் தரையில் ஆணி அடிப்பதைப் போல ஒரே இடத்தில் நின்று வாசிக்கிறார். அந்த உறுதியான தளம் கிடைத்ததால்தான் ஹென்ட்ரிக்ஸின் கித்தாரால் அவ்வளவு தொலைவு போய்த் திரும்ப முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

தட்டில் உள்ள ஆறு பாடல்களும் ஜனவரி 1 நிகழ்ச்சிகளில் இருந்து எடுக்கப்பட்டவை. அவற்றுள் ‘மெஷின் கன்’ பாடலுக்காக மட்டுமே இந்தத் தட்டை வாங்கலாம். பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாடலைத் தொடங்கும்முன், சிகாகோவிலும் மில்வாக்கியிலும் நியூயார்க்கிலும் போரிடும் வீரர்களுக்கும், பிறகு நினைவு வந்தவரைப் போல வியட்நாமில் போரிடும் வீரர்களுக்கும் அதை அவர் காணிக்கையாக்குகிறார். உள்நாட்டுத் தெருக்களில் நடந்த போராட்டங்களையும் கடல் கடந்த போரையும் ஒரே மூச்சில் இணைத்த அந்தச் சில சொற்களுக்குப் பின், டிரம்ஸும் கித்தாரும் சேர்ந்து துப்பாக்கி வெடிப்பது போலக் குறுகிய அடிகளை அடுக்குகின்றன. பாடலின் எலும்புக்கூடு மிகப் பழைய ப்ளூஸ். ஏறத்தாழ ஒரே சுருதியில் நிலைகொண்டு, பாடகர் ஒரு வரி சொல்ல, கித்தார் அதற்குப் பதில் சொல்லும் மிசிசிப்பி வழிமுறை அது. காலால் அழுத்தி இயக்கும் நான்கு கருவிகள் அந்த எலும்புக்கூட்டின் மேல் தசையை வளர்க்கின்றன. அவற்றுள் யூனிவைப் என்பது சுழலும் ஒலிபெருக்கியின் அலைவைப் போலி செய்வது. அதனால் கித்தாரின் ஒலி ஹெலிகாப்டர் விசிறியைப் போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆக்டேவியா என்பது வாசிக்கும் சுரத்தின் மேல் ஸ்தாயியையும் சேர்த்து ஒலிக்கச் செய்வது. அதனால்தான் சில இடங்களில் கித்தார் கிறீச்சிட்டு அலறுகிறது.

ஏறத்தாழ நான்காவது நிமிடத்தில் ஹென்ட்ரிக்ஸ் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வேறு எதையும் வாசிக்காமல் அதை மட்டும் நீட்டுகிறார். அதுவும் அணையாமல், மெல்லிய நடுக்கத்தோடு நீண்டுகொண்டே போகிறது. எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஐம்பது ஆண்டுகளாகக் கர்நாடக இசைக் கச்சேரி கேட்டு வருபவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் அழைப்போம். ராக் இசையின் இரைச்சல் தனக்கு ஒத்துவராது என்று வெளிப்படையாகச் சொல்பவர் அவர். அந்த நீண்ட சுரம் ஒலித்தபோது முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. பாடல் முடிந்த பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. “இன்னொரு தடவை போடுங்க தம்பி” என்றார். ஊசியைத் தூக்கி மீண்டும் வைத்தேன். போரைப் பற்றிய பாடல்கள் எத்தனையோ உண்டு. ஆனால் முன்னாள் படைவீரர் இருவர் ஒரே மேடையில் நின்று, போரின் ஓசையையே வாத்தியத்தில் எழுப்பி, அதற்கு நடுவே ஒரு மனிதக் குரல் அழுவதைக் கேட்கச் செய்த பாடலாக எனக்கு இது ஒன்றுதான் தெரியும்.

இரண்டாம் பக்கம் இந்த உயரத்திற்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டி மைல்ஸ் எழுதிப் பாடிய இரண்டு பாடல்களில் ‘சேஞ்சஸ்’ துடிப்பாக இருக்கிறது. கடைசியில் வரும் மற்றொன்று, ரசிகர்களைக் கூடவே பாட அழைக்கும் உற்சாகத்தைத் தாண்டி வேறெங்கும் நகரவில்லை. நேரில் இருந்தவர்களுக்கு அது நிறைவான முடிவாக இருந்திருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு நீளமாகத் தெரிகிறது. இந்தத் தட்டு 1970 மார்ச்சில் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று, இருபத்தேழாம் வயதில் ஹென்ட்ரிக்ஸ் இறந்துபோனார். அந்தப் புத்தாண்டுக்கு ஹென்ட்ரிக்ஸ் வாழ்த்துச் சொல்வதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் இந்தத் தேதியை என்னால் ஒதுக்கிவைக்க முடிவதில்லை.

நண்பர் ஒருவர் கொண்டுவந்த சிறிய தட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். ப்ளூஸ் பாடகர் சார்லஸ் பிரௌன் 1960இல் கிங் இசைத்தட்டு நிறுவனத்திற்காகப் பாடிய ‘ப்ளீஸ் கம் ஹோம் ஃபார் கிறிஸ்துமஸ்’ அது. ஊரெல்லாம் மணியோசை கேட்கும் நாளில் தனியே இருப்பவனின் வேண்டுதலைப் பியானோவை ஒட்டிக்கொண்டு மிருதுவாகப் பாடுகிறார். ஈகிள்ஸ் குழு 1978இல் அதையே மீண்டும் பாடி ராக் ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். ஈகிள்ஸின் குரல்கள் அழகாகவே இணைகின்றன; ஆனால் சார்லஸ் பிரௌன் பாடும்போதுதான் அந்த வீட்டில் உண்மையிலேயே யாரும் இல்லை என்று நமக்குப் புரிகிறது.

இரண்டாவது தட்டு ‘தி பேண்ட்’ குழுவின் ‘ராக் ஆஃப் ஏஜஸ்’. 1971 டிசம்பர் 28 முதல் 31 வரை நியூயார்க்கின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில் பதிவான இரட்டைத் தட்டு இது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. ஐவரில் நால்வர் கனடாக்காரர்கள். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடும் லெவான் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தின் பருத்திக் காட்டுப் பகுதியில் வளர்ந்தவர். ஹெலினா நகர வானொலியில் ப்ளூஸ் கலைஞர் சன்னி பாய் வில்லியம்சனின் ஹார்மோனிகாவைச் சிறுவயதிலேயே கேட்டவர். முதல் பக்கத்தில் வரும் ‘டபிள்யூ. எஸ். வால்காட் மெடிசின் ஷோ’ என்னும் பாடல், அவர் ஊருக்கு வந்து கூடாரமடித்து ஆட்டமும் பாட்டும் நடத்திய நாடகக் கம்பெனியின் நினைவில் எழுந்தது. ப்ளூஸின் தாய் என்று போற்றப்படும் மா ரெய்னி ஒரு காலத்தில் பாடிய கம்பெனி அது.

இவர்களுடைய நெருக்கடி வேறு வகை. பல ஆண்டு ஊர்சுற்றலில் களைத்திருந்த குழு, தன் பாடல்களுக்குப் புதிய உயிர் கொடுக்க விரும்பி, ஐந்து ஊதுகருவிக் கலைஞர்களை மேடையில் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. அவர்களுக்கான இசைக்குறிப்புகளை எழுதும் பொறுப்பை நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஆலன் டூசான் ஏற்றார். எழுதி முடித்த குறிப்புகள் இருந்த பெட்டி நியூயார்க் விமான நிலையத்தில் கைமாறிக் காணாமற்போய்விட, உட்ஸ்டாக்கின் பனிக்குளிரில் ஒரு மரவீட்டில் உட்கார்ந்து அனைத்தையும் அவர் முதலிலிருந்து மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. அவசரமாக எழுதப்பட்டவை என்று ஓர் இடத்திலும் தோன்றாது. ‘ரேக் மாமா ரேக்’ பாடலில் ஹோவர்ட் ஜான்சனின் டியூபா என்னும் பெரிய ஊதுகருவி குறும்புக்கார யானையைப் போல உருண்டு வருகிறது. ‘தி நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்சி டௌன்’ பாடலுக்கு முன் ஊதுகருவிகள் தாழ்ந்த குரலில் இசைக்கும் சில அடிகள், உள்நாட்டுப் போரில் எல்லாவற்றையும் இழந்த ஓர் ஏழைத் தென்னாட்டுக்காரனின் கதையைச் சொற்கள் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகின்றன. முதற்பாடலான ‘டோன்ட் டூ இட்’ மார்வின் கே 1964இல் பாடியது. அதை இவர்கள் வாசிக்கும்போது கால் தானாக ஆடும்.

நான்காம் பக்கத்தின் தொடக்கத்தில் கார்த் ஹட்சன் தனியே ஆர்கன் வாசிக்கிறார். தேவாலயத்து இசை, சர்க்கஸ் இசை, ஸ்காட்லாந்து நாட்டுப்புற மெட்டு என்று மனம் போன போக்கில் சென்றுகொண்டிருக்கும் வாசிப்பு, நள்ளிரவு நெருங்கியதும் ‘ஆல்ட் லாங் சைன்’ என்னும் ஆண்டு முடிவுப் பாடலுக்குள் மெதுவாக நுழைகிறது. அரங்கம் ஆரவாரிக்கிறது. 1971 முடிந்து 1972 தொடங்கும் அந்த நொடியே இசைத்தட்டின் பள்ளத்தில் பதிந்திருக்கிறது. ஹட்சன் அதை முடித்துவிட்டு அடுத்த பாடலுக்கான உறுமலை எழுப்பும்போது மற்ற நால்வரும் ஒரே அடியில் சேர்ந்துகொள்கிறார்கள். ஐவரில் கடைசியாக எஞ்சியிருந்த ஹட்சனும் 2025 ஜனவரியில் மறைந்துவிட்டார். இந்தப் பக்கத்தை இப்போது கேட்பது முன்பைப் போல் இல்லை. அன்றிரவு பாப் டிலன் மேடைக்கு வந்து பாடிய நான்கு பாடல்களும் 2001ஆம் ஆண்டு மறுவெளியீட்டில் சேர்க்கப்பட்டுள்ளன; உற்சாகம் நிறைந்தவை என்றாலும் ஒத்திகைக் குறைவு தெரிகிறது.

மூன்றாவதுதான் என் மனத்திற்கு மிக நெருக்கமானது. அயர்லாந்துக் கித்தார் கலைஞர் ரோரி காலகர் 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் ஆகிய நகரங்களில் வாசித்தவற்றிலிருந்து தொகுக்கப்பட்ட ‘ஐரிஷ் டூர் 74’. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டினர் மோதலால் வட அயர்லாந்தில் குண்டுவெடிப்புகளும் துப்பாக்கிச் சூடுகளும் அன்றாடச் செய்தியாக இருந்த ஆண்டுகள் அவை. வெளியூர்க் குழுக்கள் பெல்ஃபாஸ்டுக்கு வர அஞ்சின. ரோரி மட்டும் ஆண்டு தவறாமல் அங்கே போனார். அந்நகரின் அல்ஸ்டர் ஹாலில் கத்தோலிக்க இளைஞர்களும் புராட்டஸ்டன்ட் இளைஞர்களும் ஒரே கூரையின் கீழ் நின்று கேட்டார்கள். குழுவில் பேஸ் கித்தார் வாசித்த ஜெரி மெக்காவாய் அதே பெல்ஃபாஸ்டில் பிறந்தவர்.

தட்டைச் சுழல விட்டதும் முதலில் காதில் விழுவது கூட்டத்தின் ஓசை. கைத்தட்டலும் கூச்சலும் கலந்த அந்த ஓசையில் ஒரு பசி இருக்கிறது; நெடுநாள் அடைபட்டிருந்தவர்கள் எழுப்பும் ஓசை அது. முதற்பாடலான ‘கிரேடில் ராக்’ அந்தப் பசிக்குச் சுடச்சுடப் பரிமாறுகிறது. அடுத்து வருவது அமெரிக்க ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸிடமிருந்து எடுத்த ‘ஐ வொண்டர் ஹூ’. ரோரிக்கு மடி வாட்டர்ஸ் வெறும் ஒலிநாடா ஆசான் அல்லர். 1971 டிசம்பரில் லண்டனில் மடி வாட்டர்ஸ் பதிவுசெய்த இசைத்தட்டில் அருகில் உட்கார்ந்து கித்தார் வாசிக்கும் பேறு ரோரிக்குக் கிடைத்திருந்தது. அந்த நெருக்கத்தை இப்பாடலில் உணர முடிகிறது. வேகத்தைக் காட்டும் ஆசை சிறிதும் இல்லாமல், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மதித்து வாசிக்கிறார்.

‘ஆஸ் தி க்ரோ ஃப்ளைஸ்’ பாடலில் குழுவினர் ஒதுங்கிக்கொள்ள, உலோக உடல் கொண்ட பழைய நேஷனல் கித்தாரும் கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகாவுமாக ரோரி மட்டும் நிற்கிறார். கித்தாரின் தகரத் தன்மை வாய்ந்த ஒலி மழைக்காலத்துக் கூரையில் விழும் துளிகளை நினைவூட்டும். பிறகு மூன்றாம் பக்கம். ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’ ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. ஆள் நிறைந்த விடுதி மதுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவன், அலையில் மிதக்கும் மரக்கட்டையைப் போல எல்லோரிடமிருந்தும் விலகி எங்கோ இருக்கிறான். நடுப்பகுதியில் ரோரி கித்தாரின் ஒலியைக் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்குக் குறைக்கிறார். சற்றுமுன் கூரையைப் பெயர்த்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்குகிறது. அந்த அமைதியை ஒரு முறை கவனித்துவிட்டால், ரசிகர்களும் சேர்ந்துதான் இந்தப் பாடலை வாசித்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

ரோரியின் கித்தாரைப் பற்றியும் சில வரிகள். 1961இல் தயாரான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. 1963இல், பதினைந்து வயதில், கார்க் நகரக் கடையொன்றில் 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார். வியர்வை பட்டுப் பட்டு வண்ணப்பூச்சு உதிர்ந்து, மரம் வெளியே தெரியும்படி ஆன பிறகும் அதை அவர் மாற்றவில்லை. 1995இல் நாற்பத்தேழாம் வயதில் இறக்கும்வரை அதுவே அவர் கையில் இருந்தது. 2024இல் லண்டனில் ஏலத்திற்கு வந்தபோது அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்திற்கு வழங்குவதற்காக அது வாங்கப்பட்டது. இந்தத் தட்டில் மேல் தந்திகள் கண்ணாடியைக் கீறுவது போல ஒலிக்கும் இடங்களிலும், கீழ்த் தந்திகள் தொண்டையைக் கனைப்பது போல உறுமும் இடங்களிலும் நாம் கேட்பது அந்த ஒரே மரத்துண்டின் குரலைத்தான். இசைக்கு அருகில் வைத்துச் சொல்லத்தக்க குறை ஒன்று உண்டு. பாடகராக ரோரிக்கு ஹென்ட்ரிக்ஸின் தளர்ந்த ஒய்யாரமோ லெவான் ஹெல்மின் மண்வாசனையோ கிடையாது; உச்சத்தில் குரல் கரகரத்து உடைகிறது. எனக்கு அது உறுத்துவதில்லை. சிலருக்கு உறுத்தலாம்.

வாங்க நினைப்பவர்களுக்காகச் சில செய்திகள். மூன்றுமே வினைல், சிடி, இணைய ஒலிபரப்பு என எல்லா வடிவங்களிலும் கேட்கக் கிடைப்பவை. ‘பேண்ட் ஆஃப் ஜிப்சீஸ்’ தட்டைப் பொறுத்தவரை பழைய ஆறு பாடல் தொகுப்பிலிருந்தே தொடங்குங்கள். நான்கு நிகழ்ச்சிகளின் இசையையும் ஐந்து சிடிகளில் தரும் 2019ஆம் ஆண்டுப் பெட்டியை, ‘மெஷின் கன்’ பாடலின் வெவ்வேறு வடிவங்களை ஒப்பிட்டுக் கேட்கும் ஆர்வம் பிறந்த பிறகு வாங்கினால் போதும். ‘ராக் ஆஃப் ஏஜஸ்’ தட்டுக்கு, டிலன் பாடல்கள் அடங்கிய 2001 சிடி விலைக்கேற்ற நல்ல பதிப்பு. 2013இல் வந்த பெரிய பெட்டி, குழுவின்மேல் பித்துக் கொண்டவர்களுக்கு. ‘ஐரிஷ் டூர் 74’ தட்டுக்கும் 2014இல் ஏழு சிடிகளும் ஒரு டிவிடியும் கொண்ட நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. அதில் மூன்று நகரங்களின் நிகழ்ச்சிகளையும் தனித்தனியே கேட்கலாம்.

வினைலாக வாங்குபவர்கள் தட்டு வந்துசேர்ந்த அன்றே பிரித்துப் பார்த்துவிடுங்கள். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய ‘ராக் ஆஃப் ஏஜஸ்’ தட்டுகளில் ஒன்று வெயிலில் கிடந்த அப்பளம்போல் வளைந்து வந்தது. ஊசி ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கியதில் ஹட்சனின் ஆர்கன் சுருதி விலகி ஊளையிட்டது. திருப்பி அனுப்பும் கெடு இரண்டு நாள்களுக்கு முன் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதன் பிறகு நான்காம் பக்கத்தைச் சிடியில்தான் கேட்கிறேன். நண்பர்களுக்கும் அன்றிரவு அதையே போட்டுக் காட்டினேன்.

மூன்றில் ஒன்றுக்குத்தான் இப்போது கையில் பணம் இருக்கிறது என்றால், தயங்காமல் ‘ஐரிஷ் டூர் 74’ வாங்குங்கள். மூன்றாம் பக்கத்தில் ஊசியை வைத்து, கூட்டம் அடங்கும் இடம் வரும்வரை ஒலியைக் குறைக்காமல் கேளுங்கள். அண்ணன் அன்றிரவு புறப்படும்போது இரவல் கேட்டது ஹென்ட்ரிக்ஸாகத்தான் இருக்கும் என்று எண்ணி உறையில் போட்டு நீட்டினேன். அதை மேசைமேல் வைத்துவிட்டு, ரோரியின் இரட்டைத் தட்டைத் துணிப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினார்.